நாற்பது நிமிட மருந்தும் அதற்குப் பிந்தைய நாட்களும்

மனச்சோர்வுக்கு கெட்டமைன் ஏற்றிக்கொண்டேன் என்று தெரிந்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அது போதை மருந்துதானே?" என்பதுதான். அடுத்துக் கேட்பது, "சரியாகிவிட்டதா?" முதல் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். அது அறுவை அரங்குகளில் அரை நூற்றாண்டாகப் புழங்கும் மயக்க மருந்து. தவறான கையில் போதைப் பொருளாகவும் ஆகிறது. இரண்டாவது கேள்விக்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. புலனுணர்வையும் எண்ணத்தையும் மாற்றிக் காட்டும் 'சைக்கடெலிக்' மருந்துகளால் மனநோய் தீர்கிறது என்று இப்போது அடிக்கடி செய்திகள் வருகின்றன. வீட்டில் ஒருவர் வருடக்கணக்கில் மாத்திரை விழுங்கியும் எழ முடியாமல் கிடக்கும்போது, அப்படி ஒரு செய்தி எப்படிப் பிடித்து இழுக்கும் என்பது எனக்குத் தெரியும்.

நான் குடியாத்தத்துக்காரி. அரசுப் பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். கணவருக்கு லுங்கி வியாபாரம். இரண்டாவது பெண் பிறந்த பிறகு தலைகாட்டிய சோர்வு, அப்பா இறந்த வருடத்தில் என்னை முழுதாகப் படுக்கையில் தள்ளியது. மனச்சோர்வு என்றால் ஓயாமல் அழுவது என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அழுகைகூட வரவில்லை. காலையில் எழுந்து உட்கார்ந்தால், பல் தேய்க்கப் போவதா வேண்டாமா என்ற ஒன்றைத் தீர்மானிப்பதற்குள் வெயில் ஜன்னலைத் தாண்டியிருக்கும். சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பது நாக்குக்குத் தெரியாது. ஒருநாள் கரும்பலகையில், வருடா வருடம் எழுதிக் கை பழகிய ஒரு சமன்பாட்டைச் சமன் செய்யத் தெரியாமல் சாக்பீஸோடு நின்றேன். முன்வரிசையில் இருந்த பெண் மெதுவாக, "டீச்சர், அந்தப் பக்கம் இரண்டு போட வேண்டும்" என்றாள். அன்று மாலைதான் கணவரிடம், வேலூருக்குப் போகலாம் என்றேன்.

மாத்திரைகள் தொடங்கின. முதலில் எஸ்சிட்டலோபிராம், பிறகு வென்லாஃபாக்சின், பிறகு அதோடு லித்தியம். ஒவ்வொன்றையும் சரியான அளவில், போதுமான வாரங்கள் கொடுத்துப் பார்த்தார் மருத்துவர். கொஞ்சம் தூக்கம் வந்தது. மற்றபடி அதே இருட்டு. நோயாளிகளில் கணிசமானவர்களுக்கு இப்படித்தான் ஆகிறது. இரண்டு மருந்துகளை முறையாகச் சாப்பிட்டும் தேறவில்லை என்றால், அதை 'மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு' என்று தனியாக வகைப்படுத்துகிறார்கள். அந்த வகைக்குள் என் பெயர் போனபோது எனக்கு ஒருவித ஆறுதலே கிடைத்தது. மனத்தைரியம் இல்லாதவள் என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்தேனே.

லித்தியம் பற்றி எங்கள் பக்கத்து மக்களுக்கு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். உடலில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறும். வேலூர் வெயில் எப்படிப்பட்டது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஏப்ரல், மே மாதங்களில் வெளியே அலைந்து வியர்த்துக் கொட்டினாலோ, வாந்தி பேதி கண்டாலோ, கவனமாக இருக்க வேண்டும். கை நடுக்கம் அதிகமாவது, நடை தள்ளாடுவது, பேச்சுக் குழறுவது எல்லாம் லித்தியம் எல்லை மீறியதன் அடையாளங்கள். அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். பத்தியம் என்று திடீரென உப்பைக் குறைப்பதும், மூட்டு வலிக்குக் கடையில் ஐபுப்ரோஃபன் வாங்கிப் போடுவதும் அதே ஆபத்தைக் கொண்டுவரும். என் பையில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் நான் வீட்டுப் படி இறங்குவதில்லை.

இந்த நிலையில்தான் அக்கா மகன் பெங்களூரிலிருந்து வந்தான். "சித்தி, கொடைக்கானலில் காளான் கிடைக்கிறது. அமெரிக்காவில் டிப்ரஷனுக்கு அதைத்தான் கொடுக்கிறார்கள். நானே அழைத்துப் போகிறேன்" என்றான். என்மேல் உள்ள பாசத்தில் சொன்னான். கட்டுரைகளையும் அனுப்பிவைத்தான். படுத்த படியே ஒவ்வொன்றாகப் படித்தேன். பாடம் எடுக்கிறவளுக்கு அதில் சுவாரசியம் இல்லாமல் போகுமா? அந்தக் காளானில் இருப்பது சைலோசைபின். உடலுக்குள் போனதும் சைலோசினாக மாறுகிறது. அதன் மூலக்கூறு அமைப்பு, நம் மூளையிலேயே இருக்கும் செரட்டோனின் என்னும் வேதிப்பொருளுக்கு மிக நெருக்கமானது. அதனால் நரம்புச் செல்களில் செரட்டோனின் போய்ப் பொருந்தும் இடங்களான ஏற்பிகளில் ஒரு குறிப்பிட்ட வகையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. எல்.எஸ்.டி. என்னும் சைக்கடெலிக் பொருளின் விளைவை 1943இல் தன் உடலிலேயே கண்டறிந்த சுவிட்சர்லாந்து வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன்தான், 1958இல் சைலோசைபினையும் காளானிலிருந்து பிரித்தெடுத்தார். மெக்சிகோவின் பழங்குடி மக்கள் அந்தக் காளான்களைச் சடங்குகளில் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தவர்கள். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் மருத்துவ ஆய்வுகள் பெருகின. 1970இல் அமெரிக்கச் சட்டமும் 1971இல் ஐ.நா. உடன்படிக்கையும் வந்த பிறகு அவை ஏறக்குறைய நின்றே போயின. இந்த நூற்றாண்டில்தான் மறுபடி உயிர் பெற்றிருக்கின்றன.

கட்டுரைகளின் தலைப்பில் இருந்த உற்சாகம் உள்ளே இருந்த எண்களில் இல்லை என்பதும் படிக்கப் படிக்கத் தெரிந்தது. 2022இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு உள்ள 233 பேருக்குச் சைலோசைபின் ஒரே ஒரு முறை கொடுத்தார்கள். அதிக அளவான 25 மில்லிகிராம் பெற்றவர்களில் மூன்றாவது வாரத்தில் நன்றாகத் தேறியிருந்தவர்கள் 37 சதவீதம். பன்னிரண்டாவது வாரம் வரை அந்தத் தேற்றம் நிலைத்தது ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு. எல்லாக் கதவும் மூடிப்போனவர்களுக்கு அது சாதாரண எண் கிடையாது. ஆனால் அது அற்புதமும் கிடையாது. 2023 ஜூலையில் ஆஸ்திரேலியா, தனி அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர்கள் சைலோசைபினையும், 'எக்ஸ்டசி' என்று புழங்கும் எம்.டி.எம்.ஏ.வையும் எழுதிக்கொடுக்க அனுமதித்தது. அமெரிக்காவில் சில மாநிலங்கள் தனியாக வழி செய்திருக்கின்றன. அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்போ 2024 ஆகஸ்டில், போர் முதலிய அதிர்ச்சிகளால் வரும் மனநோய்க்கு எம்.டி.எம்.ஏ. தர அனுமதி மறுத்துவிட்டது. எல்லா ஆய்வுகளிலும் பொதுவாக இருந்த ஒன்று என் கண்ணில் பட்டது. மருந்து கொடுப்பதற்கு முன்பு பேச்சு, கொடுக்கும்போது நாள் முழுக்கப் பக்கத்தில் ஆள், கொடுத்த பின்பும் பேச்சு. கொடைக்கானல் விடுதி அறையில் அதெல்லாம் எங்கே இருக்கப் போகிறது?

கட்டுரைகளைப் படியெடுத்து மருத்துவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். இதைப் படிக்கும் எல்லோருக்கும் நான் சொல்ல விரும்பும் முதல் விஷயம் இதுதான்: மனத்தில் என்ன யோசனை இருந்தாலும், அது சட்டத்துக்குப் புறம்பானதாக இருந்தாலும், மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவர் கோபப்படவில்லை. மூன்று காரணங்கள் சொன்னார். சைலோசைபின், எல்.எஸ்.டி., எம்.டி.எம்.ஏ. மூன்றும் 1985ஆம் வருடத்துப் போதைப் பொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன. கையில் வைத்திருந்தாலே வழக்கு. காட்டில் பறித்துத் தருவது எந்தக் காளான், எவ்வளவு வீரியம் என்று விற்பவனுக்கே தெரியாது. ஈரலை அழித்து உயிரைக் குடிக்கும் நச்சுக் காளான்களும் உண்டு. மூன்றாவது காரணத்தைக் கேட்டதும் எனக்கு உள்ளங்கை வியர்த்தது. லித்தியம் சாப்பிடுகிறவர்கள் இந்த வகை மருந்துகளை எடுத்து வலிப்பு வந்த பதிவுகள் இருக்கின்றன. அக்கா மகனுக்கு அது எப்படித் தெரியும்? அவன் அனுப்பிய கட்டுரைகளில் ஒன்றிலும் அந்த வரி இல்லை.

பிறகு அவர், "சட்டப்படி இங்கேயே தரக்கூடிய ஒன்று இருக்கிறது. கேட்டுப் பாருங்கள், அவசரம் இல்லை" என்று கெட்டமைன் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

கெட்டமைன் 1962இல் அமெரிக்க வேதியியலாளர் கால்வின் ஸ்டீவன்ஸ் தயாரித்தது. 1970இல் மயக்க மருந்தாக அனுமதி பெற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 1985 முதல் இருக்கிறது. மயக்கத்துக்குத் தருவதைவிட மிகக் குறைந்த அளவில் கொடுத்தால் மனச்சோர்வு சில மணி நேரத்தில் தணிகிறது என்பதை 2000இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு சிறிய ஆய்வு காட்டியது. 2006இல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் நடந்த ஆய்வு அதை உறுதி செய்தது. காளானின் வழி வேறு, இதன் வழி வேறு. இது குளுட்டமேட் என்னும் வேதிப்பொருளின் ஏற்பி ஒன்றை அடைத்து வேலை செய்கிறது. ஆகவே கண்டிப்பான கணக்கில் இது சைக்கடெலிக் வரிசையில் வராது என்பவர்கள் உண்டு. உடலை விட்டு மனம் விலகி நிற்பதுபோன்ற அனுபவமும், அதற்குப் பின் சில நாட்கள் மனம் இளகியிருப்பதும் இரண்டுக்கும் பொது.

மின்னதிர்வு சிகிச்சையையும் அவர் முன்வைத்தார். எங்கள் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்பார்கள்; பேரைக் கேட்டாலே பயம். அந்தப் பயம் தேவையற்றது என்று இன்று உறுதியாகச் சொல்வேன். மயக்கம் கொடுத்துச் செய்யும் நல்ல சிகிச்சை அது. சாப்பாடு தண்ணீரையே மறுத்துக் கிடப்பவர்களுக்கும், மனச்சோர்வோடு இல்லாத குரல்கள் கேட்பவர்களுக்கும் உயிர் காப்பது அதுதான். என்னைப் போல அந்தக் கடுமை இல்லாதவர்களிடம் இரண்டையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2023இல் வெளியானது. கெட்டமைனில் தேறியவர்கள் 55 சதவீதம், மின்னதிர்வில் 41 சதவீதம். நினைவு மறதி கெட்டமைனில் குறைவு. தினமும் வகுப்பெடுக்க வேண்டியவள் என்பதால் நான் கெட்டமைனைத் தேர்ந்தெடுத்தேன்.

உடனே நாள் குறித்துவிடவில்லை. தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 எல்லாம் மறுபடி பார்த்தார்கள். இவற்றில் குறை இருந்தாலும் மனச்சோர்வு மாதிரியே தெரியும். தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, பணத்தை வாரி இறைத்த நாட்கள் எப்போதாவது உண்டா என்று என்னிடம் ஒரு முறையும் கணவரிடம் தனியாக ஒரு முறையும் கேட்டார்கள். குடும்பத்தில் யாருக்காவது இல்லாத குரல்கள் கேட்பது போன்ற மனப்பிறழ்வு இருந்ததா, ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா, குடிப்பழக்கம் உண்டா, கர்ப்பமா என்று ஒன்றையும் விடவில்லை. தூக்கத்துக்காக இரவில் போட்டுக்கொண்டிருந்த குளோனசெபாம் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார்கள். அது கெட்டமைனின் பலனை மழுக்கக்கூடும் என்றார்கள். மயக்க மருந்தாக அனுமதி பெற்றதை மனச்சோர்வுக்குத் தருகிறோம் என்பது ஒப்புதல் படிவத்தில் தெளிவாக இருந்தது. ஒவ்வொரு வரியையும் படித்துத்தான் கையெழுத்திட்டேன்.

இதற்கு நடுவில் ஒரு பெருநகரத்து நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தது. எங்கேயோ விசாரித்திருந்தோம், அவர்கள் விடவில்லை. இத்தனை ஊசி இத்தனை ரூபாய், இன்றே பணம் கட்டினால் தள்ளுபடி. என்ன நோய், என்ன மருந்து சாப்பிடுகிறேன், ரத்த அழுத்தம் எவ்வளவு, ஒன்றுமே கேட்கவில்லை. என் கணவர் பாதியிலேயே தொடர்பைத் துண்டித்தார். உங்களிடம் கேள்வி கேட்காத இடத்தில் நாற்காலியில்கூட உட்கார வேண்டாம். மயக்கவியல் மருத்துவர் அந்த வளாகத்தில் இருப்பாரா, ஆக்சிஜனும் அவசர மருந்துகளும் அறையிலேயே இருக்கின்றனவா, மருந்து ஏறும் நேரம் முழுதும் பக்கத்தில் நிற்பது யார் என்று நீங்கள்தான் அவர்களைக் கேட்க வேண்டும். கெட்டமைனின் விலை அதிகமில்லை. செலவாவது அறைக்கும் ஆளுக்கும் கண்காணிப்புக்கும். எனவே ஓர் அமர்வுக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உடல் நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் இரவு தங்காத சிகிச்சைக்கு உங்கள் திட்டம் பணம் தருமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

முதல் அமர்வுக்கு விடியற்காலையிலேயே கிளம்பினோம். கே.வி.குப்பம், லத்தேரி, காட்பாடி வழியாக வேலூர். ஆறு மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். சிறிய அறை, ஒரு கட்டில், ஜன்னலுக்குப் பச்சைத் திரை. நர்ஸ் என் கையில் மருந்து ஏற்றும் சிறு குழாயான வென்ஃப்ளான் போட்டு, மற்றொரு கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினார். வழக்கமான அளவு உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராம். அதை நாற்பது நிமிடத்தில் பம்ப் மூலம் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். முந்தைய சந்திப்பில் உளவியல் ஆலோசகர், மனத்தில் எதைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வரச் சொல்லியிருந்தார். நான் 'அப்பா' என்று மட்டும் எழுதியிருந்தேன்.

முதலில் உதடு மரத்தது. பிறகு நாக்கு கனத்தது. மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி மிகத் தூரத்துக்குப் போய்விட்டது. அதன் சத்தம் மட்டும் காதுக்குள்ளேயே இருந்தது. என் கால்கள் எங்கே முடிகின்றன, கட்டில் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பட்டை இறுகும்போது யாருடைய கையோ இறுகுகிறது என்று தோன்றியது. அப்பாவை நான் பார்க்கவில்லை. அவர் மாரடைப்பில் போன அன்று ஆஸ்பத்திரி நடைபாதையில் செருப்பில்லாமல் நின்றிருந்த என்னைத்தான் பார்த்தேன். இன்னும் சீக்கிரம் கொண்டுவந்திருக்கலாம் என்று பல வருடமாக நான் திட்டிக்கொண்டிருந்தவள் அவள். அவள் கால் சுடுமே என்று நினைத்தேன். அவ்வளவுதான் அந்தக் காட்சி.

எல்லா அமர்வும் அப்படி இதமாக இருக்கவில்லை. பிந்திய ஒன்றில், திரும்பி வரவே முடியாது என்ற பயம் பிடித்துக்கொண்டது. கத்த நினைத்தேன், வாய் எங்கே என்று தெரியவில்லை. நர்ஸ் விரலைப் பிடித்து, "டீச்சர், நீங்கள் வேலூரில் இருக்கிறீர்கள். மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. நான் இங்கேயே இருக்கிறேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அதே மூன்று வாக்கியங்களை அதே குரலில் மறுபடி சொன்னார். நான் அவற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். இந்தச் சிகிச்சையில் மருந்து எவ்வளவோ, அந்தக் குரலும் அவ்வளவு. சம்பளப் பட்டியலில் அதற்கு என்ன மதிப்போ தெரியாது, என் கணக்கில் அதற்கு விலையே இல்லை.

மருந்து நின்றதும் அனுபவம் சீக்கிரமே கலைந்துவிடும். குமட்டல் இருந்தது, அதற்கு ஊசி போட்டார்கள். ஏறியிருந்த ரத்த அழுத்தம் இறங்கும் வரை, நடை நேராகும் வரை, அனுப்பவில்லை. வண்டி ஓட்டக் கூடாது, அடுப்படிக்குப் போகக் கூடாது, பத்திரம் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. எல்லாம் மறுநாள் காலை வரை. கூட ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். திரும்பும்போது பஸ் நெரிசலும் ஹாரன் சத்தமும் தாங்காது என்பதால் வாடகைக் கார் வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது அமர்வுக்கு மறுநாள் மதியம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், "குழம்பில் உப்பு குறைவாக இருக்கிறது அத்தை" என்றேன். மாமியார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எங்கள் ஊர் சிரசுத் திருவிழாவில் கெங்கையம்மனிடம் எனக்காக வேண்டிக்கொண்டவர் அவர். தனக்குத் தெரிந்த வழியில் எனக்காக நின்றார், அதை நான் மறக்கமாட்டேன்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையின் காரணம். மருந்து ஒரு வினையூக்கி. வினையூக்கியைக் குடுவையில் போட்டுவிட்டு, வினைபடும் பொருட்களைப் போடாமல் உட்கார்ந்திருந்தால் என்ன கிடைக்கும்? மருந்து ஏறிய பின் வரும் சில நாட்களில், அசையாமல் கிடந்த மனம் அசையும். அந்த நாட்களில் என்ன செய்கிறோம் என்பதில்தான் மிச்சம் எல்லாம் இருக்கிறது. ஆலோசகர் ஒவ்வொரு அமர்வுக்குப் பின்னும் ஓரிரு நாட்களுக்குள் என்னைச் சந்தித்தார். நடைபாதையில் நின்றவளைப் பற்றிப் பேசினோம். பேசி முடித்ததும் அவர் கேட்பது, "நாளை காலை என்ன செய்யப் போகிறீர்கள்?" என்பதுதான். வெயில் ஏறுவதற்கு முன் நடை. படுப்பதற்கும் எழுவதற்கும் ஒரே நேரம். சின்னவளுக்குத் தலை பின்னிவிடுவது. பள்ளிக்கு விடுப்பில் இருந்தாலும் ஒரே ஒரு பாடவேளைக்கான குறிப்பு எழுதுவது. வருடக்கணக்கில் எடுக்காத அக்காவின் தொலைபேசியை எடுப்பது. இவற்றைச் சோர்வு உச்சத்தில் இருந்தபோதும் சொல்லத்தான் சொன்னார்கள். அப்போது அவை மலை. இப்போது செய்ய முடிந்தது. செய்யச் செய்ய, மருந்தின் பலன் குறைந்த நாட்களிலும் அவற்றில் பாதியாவது கையில் நின்றது.

பலன் குறையும். இதை எந்த மருத்துவரும் முன்பே சொல்லியாக வேண்டும், என் மருத்துவர் சொன்னார். ஒரு முறை ஏற்றியதன் பலன் பெரும்பாலும் ஒரு வாரத்தை ஒட்டி மங்கத் தொடங்கும். அதனால்தான் வாரம் இரண்டு என்று சில வாரங்கள் தொடராகத் தருகிறார்கள். அந்தத் தொடர் முடிந்த பிறகும் ஒரு சரிவு வந்தது. வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப இருட்டுக்குள் போவது, பழைய இருட்டைவிடக் கொடியது. இனி வாழ்வதில் என்ன இருக்கிறது என்ற எண்ணம் அன்று வந்தது. அப்படி வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி, கணவரும் நானும் கையெழுத்திட்டிருந்தோம். 'இன்று எனக்கு அந்த எண்ணம் வந்தது' என்ற ஒரே வாக்கியத்தை அவரிடம் சொல்ல வேண்டும், விளக்கம் வேண்டியதில்லை. மாத்திரைகள் அவரிடம்தான் இருக்கும். லித்தியம் அதிகமானால் உயிருக்கே ஆபத்து என்பதால் ஒரு நாளைக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துத் தருவார். மருத்துவர் கிடைக்காத நேரம் என்றால் அரசின் மனநல உதவி எண்ணான 14416. தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். அன்று அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். இந்தச் சிகிச்சைக்குப் போகும் ஒவ்வொருவரும் அப்படி ஒரு தாளை எழுதி வைத்துக்கொண்டுதான் போக வேண்டும் என்பேன். தற்கொலைக்கு முயன்றால் போலீஸ் வழக்கு வந்துவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகாத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 2017 சட்டம், அப்படி முயன்றவரை மிகுந்த மன உளைச்சலில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. தண்டிக்கச் சொல்லவில்லை.

பிறகு இடைவெளி விட்டுச் சில அமர்வுகள், அவற்றுக்கு இடையே இன்னும் நீண்ட இடைவெளி. அந்தக் காலத்தில் அடுத்த தேதியை நான் ஆவலோடு எதிர்பார்க்கத் தொடங்கியதைக் கவனித்து மருத்துவரிடம் சொன்னேன். அவர் அதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டு இடைவெளியை நீட்டினார். கெட்டமைனுக்குப் பழகிப்போகிறவர்கள் உண்டு. அடிக்கடி எடுப்பவர்களுக்குச் சிறுநீர்ப்பை புண்ணாகும். அமெரிக்க நடிகர் மேத்யூ பெர்ரி 2023 அக்டோபரில் இறந்ததற்கு முதன்மைக் காரணம் கெட்டமைனின் தாக்கமே என்று மரண விசாரணை அறிக்கை சொன்னது. அது மருத்துவர் பக்கத்தில் நிற்க ஏறிய மருந்து இல்லை. வீட்டுக்கே அனுப்புகிறோம் என்று எவர் சொன்னாலும் ஏற்காதீர்கள். இப்போது எனக்கு ஊசி இல்லை. மாத்திரை உண்டு, நடை உண்டு, ஆலோசகரிடம் போவது உண்டு. சரியாகிவிட்டதா என்றால், பள்ளிக்குப் போகிறேன், உப்பு தெரிகிறது, மோசமான நாட்கள் வந்தால் அவை நாட்களாகவே கழிந்துபோகின்றன.

சைலோசைபின் ஒருநாள் இந்தியாவிலும் சட்டப்படி வரலாம். வந்தால் நல்லது என்றே நினைக்கிறேன். எனக்குக் கிடைத்தது இன்னும் பலருக்கு வேறு வழியில் கிடைக்கட்டும். அப்போது மருந்தின் விலையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். என் கவலை அந்த நர்ஸைப் பற்றி. ஏழெட்டு மணி நேரம் ஒரு நோயாளியின் விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார நம் ஆஸ்பத்திரிகளில் ஆள் எங்கே? ஆனால் நம்மிடம் வேறொன்று இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் 'பாகாயம் போக வேண்டியவள்' என்று, வேலூரில் மனநல மருத்துவமனை இருக்கும் இடத்தின் பெயரை வசவாக்கிச் சொல்வார்கள், என்னையும் சொன்னார்கள். மனநோயாளியைப் பூட்டி வைத்த காலத்தில், குடும்பத்தையும் கூடவே தங்க வைத்துச் சிகிச்சை தந்த ஊர் அது. அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர் 1950களில் தொடங்கிய அந்த முறையை, அதே பத்தாண்டின் இறுதியிலிருந்து தெற்கே வளர்த்தது வேலூர். உறவினர் சமைத்துப் போடுவார், பக்கத்தில் படுப்பார், நோய் என்ன என்பதை அவரும் கற்றுக்கொண்டு வீடு திரும்புவார். புதிய மருந்துகள் வரும்போது வெளிநாட்டு அறையையும் அதன் அலங்காரத்தையும் அப்படியே கொண்டுவராமல், இந்த வழக்கத்தின் மேல் கட்டினால் நம் மக்களுக்கு அது நிற்கும். என் கணவரும் மாமியாரும் இல்லாமல் அந்தச் சில நாட்களை நான் பயன்படுத்தியிருக்கவே முடியாது.

பொங்கலுக்கு அக்கா மகன் வந்திருந்தான். மாடியில் தனியாக இருந்தபோது, காளானைத் தான் ஏற்கெனவே சாப்பிட்டிருப்பதாகச் சொன்னான். தூக்கம் வராமல், நெஞ்சு படபடத்து, அலுவலகம் போகவே முடியாத நாட்கள் அவனுக்கும் இருந்திருக்கின்றன. சாப்பிட்ட பிறகு கொஞ்ச நாள் நன்றாக இருந்ததாம். அப்புறம் இன்னும் மோசமாம். அக்காவுக்குத் தெரியாது. "யாரிடம் போவது சித்தி?" என்று கேட்டான். பெங்களூரில் நிமான்ஸ் என்னும் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது, அங்கே ஓ.பி. சீட்டு போட்டுக்கொண்டு போ என்றேன். போவதற்கு முன் ஒரு தாள் எடுக்கச் சொல்லி, நானே பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைத்தேன்: இதுவரை எடுத்த மருந்துகள், அளவு, எத்தனை வாரம், காளான் எப்போது, அதன் பின் என்ன ஆயிற்று, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய். கடைசி வரியில் அவன் தாத்தாவின், அதாவது என் அப்பாவின், அண்ணனைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. அவர் வருடக்கணக்கில் வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்ததையும், அவருக்குக் குரல்கள் கேட்டதாக என் அம்மா சொன்னதையும் நான் சொல்லச் சொல்ல எழுதினான். அதை முதல் வரிக்கு மாற்றச் சொன்னேன்.